ஜவ்வரிசி பிடிச்ச பிடி

ஒரு ஊருல ஒரு மியூசியம் இருந்துச்சு. முன்வாசல் வழியா போனா சிலை, வாள், பீரங்கி, ஸ்டூல்ல உக்காந்து தூங்குற வாட்ச்மேன்னு எல்லாத்தையும் வரிசையா பாக்கலாம். பின்வாசல் வழியா போனா ஒரே ஒரு ரூம். வாசல்ல என்னவோ நீளமா ஒரு பேரு எழுதி போர்டு மாட்டியிருக்கும். அத முழுசா வாசிச்சவங்க யாரும் கிடையாது. எல்லாருக்கும் அது ஆஸ்பத்திரிதான். கை போன சிலை, கால் ஒடிஞ்ச மண்குதிரை, பச்சை பூத்த குத்துவிளக்கு எல்லாம் அங்கதான் அட்மிட் ஆகும். பிரசவம் மட்டும் பாக்கறதில்ல.

அந்த ஆஸ்பத்திரிக்கு டாக்டரம்மா ஜெபக்கனி. ஊசி போடுற டாக்டர் இல்ல. கெமிஸ்ட்ரி முடிச்சுட்டு, பழைய சாமான் பழுது பாக்குறதுக்குன்னு ஒரு படிப்பு இருக்காமேன்னு கேள்விப்பட்டு வடக்க போன பொண்ணு. போன மொத நாளே வாத்தியாரு, "ஆளுக்கொரு புதுப் பூந்தொட்டி வாங்கிட்டு வாங்க"ன்னாரு. வாங்கிட்டு வந்தாங்க. "கீழ போட்டு உடைங்க"ன்னாரு. உடைச்சாங்க. "இப்ப ஒட்டுங்க"ன்னாரு. அப்புறம் மூணு மாசத்துக்கு அதே பாடம்தான்.

அம்மா போன்ல கேட்டப்ப விவரத்தைச் சொன்னா. "ஏட்டி, இங்க ஒரு டம்ளர உடைச்சதுக்கு உங்கப்பாகிட்ட என்ன பேச்சு வாங்கின. அங்க உடைக்கிறதுக்கு சர்டிபிகேட்டா குடுக்கான்?"ன்னு அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம்.

அடுத்த பாடம் துடைக்கிறது. குச்சி நுனியில பஞ்சச் சுத்தி, அத நாக்குல தொட்டுத் தொட்டு, பழைய மரத்தேர் யாளி ஒண்ணோட மூக்க மட்டும் ஆறு வாரம் துடைச்சா. எச்சில்தான், நெசமாத்தான். சில பழைய அழுக்குக்கு அதவிட பதமான தண்ணி எந்தக் கடையிலயும் கிடையாதாம். இத மட்டும் அம்மாகிட்ட அவ சொல்லல. எச்சில் தட்டுல கை பட்டாலே வீட்டத் தலைகீழா கழுவுற அம்மா அது.

இப்படி உடைச்சு ஒட்டி, நக்கித் துடைச்சுப் படிச்சு, ஊருக்கு வந்து மியூசியத்துல சேந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. அவளோட அலமாரியிலதான் நம்ம ஆளு குடியிருந்தான்.

நம்ம ஆளு ஒரு பசை. பொறக்கும்போதே பசையா பொறக்கல. அச்சு அசல் ஜவ்வரிசி மாதிரி மணிமணியா ஒரு டப்பாவுல வந்து இறங்கினான். அட்டெண்டர் ஒருத்தரு பாயாசத்துக்குன்னு நெனச்சு ஒரு பிடி அள்ளவே செஞ்சுட்டாரு. அன்னையிலேருந்து அவனுக்கு ஜவ்வரிசின்னே பேரு விழுந்துருச்சு. ஜெபக்கனி அவன ஒரு மெல்லிசு துணியில முடிச்சாக் கட்டி, அசிட்டோன் இருந்த பாட்டில்ல தொங்க விட்டா. நெயில் பாலிஷ் அழிக்க வச்சிருப்பாங்களே, மூக்குல சுர்ருன்னு ஏறுமே, அதுதான் அசிட்டோன். மறுநாள் பாத்தா துணி மட்டும் மிச்சம். மணி பூரா கரைஞ்சு, தேன் பதத்துல பசையாயிட்டான். அத டியூப்ல அடைச்சு அலமாரியில வச்சா.

காத்துல காஞ்சா அவன் பிடி நல்ல பிடிதான். ஆனா எத்தனை வருஷம் கழிச்சும், அசிட்டோன் அக்கா வந்து தொட்டா எளகி விட்டுருவான். அதுதான் அவன் பொறவி. அதுதான் அவனுக்கு வெக்கமும்.

வெக்கப்பட வச்சது பக்கத்துல இருந்த ரெட்டை டியூப்பு. ஒரு டியூப்ல புருஷன், இன்னொரு டியூப்ல பொண்டாட்டி. தனித்தனியா இருக்கறவரைக்கும் வழவழா கொழகொழாதான். ரெண்டையும் ஒண்ணா கலந்துட்டா பாறாங்கல்லு. பேச்சும் அப்படித்தான், அவரு பாதி, அந்தம்மா பாதி.

"நாங்க ஒண்ணப் பிடிச்சா..." என்பாரு புருஷன்.

"பிடிச்சதுதான்," என்பா பொண்டாட்டி.

"இடியே விழுந்தாலும்..."

"விட மாட்டோம்."

"சில பேரு இருக்காங்க. அக்கா வந்து தோளத் தொட்டாலே போதும்..."

"பொசுக்குன்னு அவுந்துருவாங்க. பேரெல்லாம் சொல்ல மாட்டோம். பாயாசத்துல போடுவாங்க."

அலமாரி பூரா சிரிக்கும். பிரஷ்ஷு சிரிக்கும், இடுக்கி சிரிக்கும், மூடி லூசான மை பாட்டில் சிரிச்சே சிந்தும். ஜவ்வரிசி டியூப்புக்குள்ள இன்னும் ஒரு சுருக்கு சுருங்குவான்.

சிரிக்காதது ஒரே ஒருத்தருதான். மூலையில, பிரிஞ்சுபோன அட்டைப்பெட்டிக்குப் பின்னால ஒரு பீங்கான் ஜாடி. நல்ல நீலப் பூப் போட்ட ஜாடி. முப்பது வருஷத்துக்கு முன்னால அதோட காது ஒடிஞ்சுபோச்சு, கைப்பிடியச் சொல்றேன். அப்ப வேலையில இருந்த யாரோ ஒருத்தரு அவசரத்துல காதத் தலைகீழா வச்சு ஒட்டிட்டாரு. ஒட்டுனது ரெட்டை டியூப்போட பெரியப்பா டியூப்பு. பிரிக்கணும்னா பீங்கானே பொளந்துரும். அதனால ஜாடிய முன்னால வைக்கவும் முடியல, வெளியே போடவும் முடியல.

"எங்க பெரியப்பா கைவேலையப் பாத்தியா..." என்பாரு புருஷன்.

"இன்னும் ஒரு இம்மி அசையல," என்பா பொண்டாட்டி.

"ஆமாம்மா, அசையல," என்பாரு ஜாடி அண்ணாச்சி.

ஒரு நாள் காலையில ஒரு தட்டு நெறய பானைச் சில்லு வந்துச்சு. ஊருக்கு வெளியே மண்ணத் தோண்டுன எடத்துல கிடைச்சது. மொத்தம் நாப்பத்திமூணு சில்லு, ஒரே பானை. உடையும்போது வாயும் நாப்பத்திமூணா உடைஞ்சுபோச்சு போல. தட்டுல ஒரே சத்தம்.

"நான் கழுத்துப்பக்கம். என்னய எதுக்கு அடிவயித்துக்காரிகிட்ட போட்டுருக்கு?"

"நீ ரெண்டாயிரம் வருஷமா என் முதுகு மேலதான் கெடந்த. அப்ப தெரியலையாக்கும்."

எல்லாத்துக்கும் கீழேருந்து ஒரு சின்னக் குரல். ரெண்டு விரல் அகலத்துல ஒரு குட்டிச் சில்லு. "எங்கிட்ட ஒரு மீன் வால் இருக்கு. யாருகிட்டயாவது மீன் இருக்கா?"

மீன் இருந்துச்சு. அந்தக் காலத்துல எவளோ ஒருத்தி, இது என் பானை, எவளும் தூக்கிட்டுப் போயிராதீங்கன்னு அடையாளத்துக்கு தோள்ல ஒரு மீன் கீறி வச்சிருந்தா. தலையும் உடம்பும் மத்த சில்லுங்கள்ல. வால் மட்டும் இந்தக் குட்டிகிட்ட.

பின்னாலயே ஆபீசர் குற்றாலநாதன் சார் வந்தாரு. மியூசியத்துக்குப் பெரியவரு அவருதான். "ஜெபக்கனிம்மா, பன்னெண்டாம் நாள் புது ஹால் திறப்பு. நடுவுல இருக்கற கண்ணாடிப் பெட்டி இந்தப் பானைக்கு. எதுல ஒட்டப் போறீங்க?"

ஜெபக்கனி ஜவ்வரிசியக் கையில எடுத்தா.

"அதுவா. அது கழண்டு வரும்னு நீங்கதானே சொல்வீங்க. அந்த ரெட்டை டியூப்ப எடுங்க. எங்க வீட்டு வாஷ்பேசின் உடைஞ்சப்ப அதுலதான் ஒட்டினேன். இன்னைக்கும் சிங்கம் மாதிரி நிக்கு."

"வாஷ்பேசின யாரும் மறுபடி பிரிச்சுப் பாக்க மாட்டாங்க சார். இத ஒருநாள் பாப்பாங்க."

"எதுக்குப் பிரிக்கணும்?"

"நான் தப்பு பண்ணியிருந்தா சார்."

"நீங்கதான் தப்பு பண்ண மாட்டீங்களே," என்னு சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு. பாராட்டு மாதிரிதான் இருந்துச்சு. ஜெபக்கனிக்கு அது முதுகுல மூட்டை வச்ச மாதிரி இருந்துச்சு.

ஜவ்வரிசிக்கு ஒரே குஷி. மியூசியத்துக்கே நடுப் பெட்டி. இந்தப் பானையப் பிடிக்கிற பிடியில அந்த ரெண்டு டியூப்போட வாயும் காஞ்சுபோகணும்னு மனசுக்குள்ள ஒரு சபதம் போட்டான். "அக்கா, நீங்க கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கமே வராதீங்க"ன்னு அசிட்டோன் அக்காகிட்ட நேராவே சொல்லிட்டான்.

"நான் எங்கடா வரப்போறேன். மூடியத் திறந்து வச்சா பாதி காத்தாப் பறந்து போயிருவேன், மீதிதான் இங்க," என்னா அக்கா. அவ எதையும் மனசுல வச்சுக்கிற ஆளு இல்ல. எதுவும் அவகிட்ட தங்காது.

வேலை ஆரம்பிச்சுச்சு. அடியிலேருந்து ஒவ்வொரு சில்லா ஒட்டி, மணல் நிரப்புன தொட்டியில சாயாம நிறுத்தி, காயவிட்டு, அடுத்தது. அவசரப்பட முடியாது. மொத மூணு சில்லும் பிசகில்லாம உக்காந்துச்சு. நாலாவது சில்லுக்குப் பசை தடவும்போது போன் அடிச்சுச்சு. குற்றாலநாதன் சார்தான். "எத்தனையாவது சில்லும்மா?" அந்த ஒரு நிமிஷத்துல ஜெபக்கனியோட விரல் டியூப்ப ஒரு அமுக்கு கூடுதலா அமுக்கிருச்சு.

ஜவ்வரிசி அத வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். ஓரமா வழிஞ்சு வெளியே வந்திருக்கலாம். பயபுள்ள வரல. கிடைச்சது சான்ஸுன்னு மூட்டுக்குள்ள நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னான்.

"தள்ளி நில்லேன்டா. ஏன் இப்படித் தடிப்பா நிக்க? மூச்சு முட்டுது," என்னுச்சு நாலாவது சில்லு.

"தடிப்பா நின்னாத்தான் பலம். நீ பேசாம சாஞ்சுக்கோ."

ஒரு முடி அகலம்தான். கண்ணுக்கே தெரியாது. ஜெபக்கனி போன வச்சுட்டு வந்து பாத்தா, சில்லு நின்னுச்சு, சரின்னு அடுத்ததுக்குப் போயிட்டா.

பானை ஒட்டுற வேலையில ஒரு கொடுமை உண்டு. தப்பு நடக்குற எடத்துல வலிக்காது. நாலாவது சில்லுல ஒரு முடி விலகினா, பதினஞ்சாவதுல ஒரு நூலாகும், நாப்பதாவதுல ஒரு அரிசி அகலமாகும். ஒம்பதாம் நாள் பானை கம்பீரமா நின்னுச்சு, கழுத்து, தோள், வயிறு எல்லாத்தோடயும். தோள்ல ரெண்டு விரல் அகலத்துல ஒரே ஒரு ஓட்டை. கையில மிச்சம் ஒரே ஒரு சில்லு. ஜெபக்கனி குட்டிச் சில்ல ஓட்டைக்கு நேரா வச்சு அமுக்கினா. போகல. திருப்பி வச்சா. போகல. எல்லா ஓரமும் பொருந்துது, ஆனா எடம் பத்தல.

"வந்துட்டேன், வழி விடுங்க," என்னுச்சு குட்டி.

"இங்க எங்கம்மா எடம்?" என்னுச்சு பக்கத்துச் சில்லு. "நானே நெருக்கிக்கிட்டு நிக்கேன்."

"இது என் எடம்தானே. மீனோட உடம்பு இங்கதானே இருக்கு."

நாலாவது மூட்டுல ஜவ்வரிசிக்கு மட்டும் என்ன நடந்துருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் நெஞ்ச நிமித்தினபடியேதான் நின்னான்.

குற்றாலநாதன் சார் வந்து எட்டிப் பாத்தாரு. "அட, முடிச்சுட்டீங்களே. அந்தத் துணுக்குதான் பாக்கியா?"

"போக மாட்டேங்குது சார்."

"அரம் இருக்குல்ல. ஓரத்துல ரெண்டு இழுப்பு இழுத்தா போயிரும். கண்ணாடிக்குள்ள இருக்கப்போற பானை. எவன் ஸ்கேல் வச்சு அளக்கப்போறான்?" சொல்லிட்டு வாட்ச பாத்தாரு. "நாளன்னிக்கு மறுநாள் விழா. பத்திரிக்கையெல்லாம் குடுத்தாச்சு. பானை நிக்கலன்னா எல்லாரும் என்னக் கேப்பாங்க, நான் உங்களக் கேப்பேன்."

அவரு போனதும் ஜெபக்கனி அரத்த எடுத்தா. நெசமாவே எடுத்தா. பன்னெண்டு வருஷ சர்வீஸு, தப்பே பண்ண மாட்டாள்னு பேரு, ரெண்டே ரெண்டு இழுப்பு. குட்டிச் சில்ல இடது கையில பிடிச்சு, அரத்த ஓரத்துல வச்சா.

அரமும் சும்மா இருக்கல. "நான் எவ்வளவு நாசூக்கா இழுப்பேன் தெரியுமா," என்னு பல்லக் காட்டுச்சு.

"கொஞ்சம்தானே போகும்?" என்னு கேட்டுச்சு குட்டி. "வால்ல பாதி போனாலும் மீன் நீந்தும்ல?"

ஜெபக்கனிக்கு அது கேக்கல. சில்லு பேசுறது மனுஷங்களுக்குக் கேக்காது. ஆனா அவ அரத்தக் கீழ வச்சுட்டா. பானையச் சுத்தி வந்து, ஒவ்வொரு மூட்டா நகத்தால தடவினா. நகத்துக்குத் தெரியாத பொய் கிடையாது. தோள், வயிறுன்னு தடவிக்கிட்டே கீழ வந்து, நாலாவது மூட்டுல நகம் லேசா தடுக்குச்சு.

"இங்கதான்," என்னு வாய்விட்டே சொன்னா. போன எடுத்து, "சார், தப்பு என்னோடது. நாலாவது சில்லுலயே பிசகிருச்சு. அந்தப் பக்கம் பூரா பிரிச்சு மறுபடி ஒட்டப்போறேன். விழாவுக்குப் பானை நின்னுரும்"னா. போன்ல சார் ரொம்ப நேரம் பேசினாரு. இவ, "சரிங்க சார், யாராவது கேட்டா என் பேரையே சொல்லுங்க,"ன்னு வச்சுட்டா.

அப்புறம் அசிட்டோன் அக்காவோட மூடியத் திறந்தா.

பஞ்ச நனைச்சு மூட்டு மேல வச்சு, அக்கா பறந்துராம மேல பிளாஸ்டிக் தாள மூடினா. அக்கா மெதுவா உள்ள இறங்கினா. "வாடா தம்பி. போதும் பிடிச்சது."

"மாட்டேன்."

"நீ விடலன்னா மேல பதினாறு மூட்டு திறக்காது. உனக்கே தெரியும்."

"விட்டா அவ்வளவுதான் அக்கா. நடு அலமாரியில என் மானம் போயிரும்."

அலமாரியில அதுக்குள்ள செய்தி பரவிருச்சு.

"விடாத தம்பி..." என்னாரு ரெட்டை டியூப் புருஷன்.

"இன்னைக்குத்தான் நீ எங்க சாதி," என்னா பொண்டாட்டி.

ஜவ்வரிசி பல்லக் கடிச்சுக்கிட்டு பிடிச்சான். பஞ்சு காஞ்சுச்சு. ஜெபக்கனி மறுபடி நனைச்சு வச்சா. அவன் இன்னும் பிடிச்சான். பொறந்ததுலேருந்து எதையும் அப்படிப் பிடிச்சதில்ல. பெருமையாத்தான் இருந்துச்சு.

அப்ப மூலையிலேருந்து ஜாடி அண்ணாச்சி பேசினாரு. "பிடிச்சுக்கோ தம்பி. நல்லா பிடிச்சுக்கோ. பேச்சுத் துணை இல்லாம எனக்கும் முப்பது வருஷம் ஆச்சு. பானைய இங்க என் பக்கத்துலதான் கொண்டாந்து வைப்பாங்க. அட்டைப்பெட்டியக் கொஞ்சம் நகத்தினா எடம் இருக்கு."

கிண்டல் இல்ல. மனுஷன் நெசமாவே சந்தோஷமாத்தான் சொன்னாரு. அதுதான் தாங்க முடியல.

ஜவ்வரிசி நிமிந்து பாத்தான். தலைகீழா நிக்குற அந்தக் காதப் பாத்தான். கீழ துணி மேல வால வச்சுக்கிட்டு கெடக்குற குட்டியப் பாத்தான்.

"அக்கா," என்னான். "வாங்க."

விட்டான். நாலாவது மூட்டு எளகுச்சு, அதுக்கு மேல அஞ்சாவது, அப்புறம் ஒண்ணொண்ணா பதினாறும். சில்லுங்க எல்லாம் அப்பாடான்னு மணல்ல சாஞ்சுச்சு. ஒண்ணுக்கும் ஒரு கீறல் கூட இல்ல.

மறுநாள் பூரா, அதுக்கு மறுநாள் பாதி. ஜெபக்கனி போனத் தூக்கி அலமாரிக்குள்ள போட்டுப் பூட்டிட்டு ஒட்டினா. இந்தத் தடவை ஜவ்வரிசி மெல்லிசா நின்னான். இருக்கானா இல்லையான்னே தெரியாத மாதிரி நின்னான். கடைசியா குட்டிச் சில்ல ஓட்டைகிட்ட கொண்டு போனதும், அமுக்கவே வேண்டியிருக்கல. டக்குனு ஒரு சத்தம், பெட்டி மூடுற மாதிரி. உக்காந்துருச்சு. மீனுக்கு வால் வந்துருச்சு.

"யாரோ பின்னால கிச்சுகிச்சு மூட்டுறாங்க," என்னுச்சு மீன் உடம்பு வச்சிருந்த சில்லு.

"நான்தான்," என்னுச்சு குட்டி.

விழா நல்லபடியா நடந்துச்சு. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால நின்னு குற்றாலநாதன் சார் வந்தவங்களுக்கெல்லாம் மீனக் காட்டினாரு. பசையப் பத்தி ஒருத்தரும் கேக்கல. அன்னைக்கே வாட்ச்மேன் ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடுதுன்னு ரெட்டை டியூப்பக் கூட்டிட்டுப் போனாங்க. சும்மா சொல்லக்கூடாது, அபாரமா பிடிச்சாங்க. வாட்ச்மேன் இன்னும் அது மேலதான் நிம்மதியா தூங்குறாரு.

சாயங்காலம் ஜெபக்கனி ஆஸ்பத்திரிக்கு வந்து பானைக்கு அட்டை எழுதினா. எந்த சாமானுக்கு என்ன வைத்தியம் பாத்தாங்கன்னு ஆளுக்கொரு அட்டை போட்டு வைக்கிறது அங்க வழக்கம். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதுறது அவ பழக்கம்.

"ஒட்டியது, ஜவ்வரிசிப் பசை."

டியூப்ல மிச்சமிருந்த ஜவ்வரிசிக்குக் காது குளுந்துச்சு.

"பிரிக்கணும்னா, அசிட்டோன் பஞ்சு, அரை மணி நேரம்."

ஜவ்வரிசி மூஞ்சி சுண்டிப்போச்சு. "அத எதுக்கு எழுதணும்? ஊருக்கே தெரியவா?"

"நமக்கப்புறம் இந்த வேலைக்கு ஒருத்தி வருவாள்ல," என்னா அசிட்டோன் அக்கா. "அவ நம்மளவிட கெட்டிக்காரியா இருந்துட்டா?"

ஜெபக்கனி கொஞ்ச நேரம் பேனாவ உருட்டிக்கிட்டு இருந்துட்டு கடைசி வரி எழுதினா. "நாலாவது சில்ல முதல்ல தப்பா ஒட்டினேன். பிரிச்சு மறுபடி ஒட்டினேன். ஜெபக்கனி." கையெழுத்துப் போட்டு, விளக்க அணைச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டா.

ஜவ்வரிசி யோசிச்சுப் பாத்துட்டு மூலைப்பக்கம் திரும்பினான். "அண்ணாச்சி, உங்களுக்கும் அட்டை உண்டுல்ல?"

"இருக்கே. என் வயித்துக்குள்ளதான் போட்டு வச்சிருக்கு."

"அதுல எப்படிப் பிரிக்கிறதுன்னு ஏதாவது எழுதியிருக்கா?"

"அவ்வளவு நீளமால்லாம் இல்ல தம்பி," என்னாரு ஜாடி. "ஒரே வார்த்தைதான். 'நிரந்தரம்'."